எந்த நிமிடத்தில் பார்த்தீர்கள்?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று மாதமாக யூடியூப் காணொளிகளுக்கு விமர்சனம் எழுதிப் பார்க்கிறாராம். சமையல், ஊர்சுற்றல், உள்ளூர் வரலாறு, குறும்படம் என்று பிடித்ததையெல்லாம் எழுதுகிறார். படித்த நண்பர்களோ, "காணொளியில் என்ன வருகிறது என்று சொல்லிவிட்டீர்கள், உங்கள் கருத்து எங்கே?" என்று கேட்கிறார்கள். வகுப்பில் சேர வேண்டுமா, புத்தகம் ஏதாவது படிக்க வேண்டுமா, எழுதி எழுதியே கை வந்துவிடுமா என்பது அவர் கேள்வி.

வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்கள் சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். காணொளி முடிந்ததும் மனத்தில் "நன்றாக இருந்தது" என்ற ஒரு வரிதான் மிஞ்சுகிறது. ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை நிரப்ப முடியாது. ஆகவே மீதி இடத்தைக் கதைச் சுருக்கம் பிடித்துக்கொள்கிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் பதினான்கு ஆண்டுகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குப் படத்தொகுப்பு செய்தவன். கடந்த ஆறு ஆண்டுகளாக, மாதம் ஒரு முறை நூலக அறையில் கூடும் ஒரு சிறிய குழுவில், மற்றவர்கள் எழுதும் காணொளி விமர்சனங்களைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். கீழே சொல்வதில் பெரும்பாலானவை அந்த அறையில் கற்றவை.

முதல் முறை பார்க்கும்போது பேனாவைத் தொடாதீர்கள். ஓடும் வேகத்தைக் கூட்டாமல், நடுவில் நிறுத்தாமல், மற்றவர்கள் பார்ப்பதுபோல் பாருங்கள். எங்கே சிரித்தீர்கள், எங்கே கை தானாகக் கைப்பேசியை நோக்கிப் போனது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். இரண்டாம் முறை நோட்டுப்புத்தகத்தில் ஒரு பக்கத்தின் நடுவே கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நிமிடமும் விநாடியும், திரையில் கண்டதும் காதில் விழுந்ததும். வலப்பக்கம் அப்போது உங்களுக்குள் என்ன நடந்தது என்பது. இடப்பக்கத்தில் "அழகு", "அருமை", "சோர்வு" போன்ற சொற்களுக்கு இடமே இல்லை. அங்கே பொருள்களும் செயல்களும் ஒலிகளும் மட்டுமே வரலாம்.

எங்கள் குழுவில் ஒரு பெண்மணி, மூடப்போகும் மளிகைக் கடை ஒன்றைப் பற்றிய காணொளிக்கு எழுதிவந்தார். "மனத்தைத் தொடும் காணொளி" என்று தொடங்கி, கடைக்காரர் எப்போது வந்தார், என்ன விற்றார் என்று ஒன்றரைப் பக்கம் போனது. நோட்டுப்புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். இடப்பக்கத்தில் இப்படி இருந்தது: "3:20. பெரியவர் தராசைத் துடைக்கிறார். இசை நின்றுவிடுகிறது. துணி உரசும் சத்தம் மட்டும். 11 விநாடி." வலப்பக்கத்தில்: "மூடப்போகிறார் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது." விமர்சனம் ஏற்கெனவே அந்த இரண்டு வரிகளில் இருந்தது, அவர்தான் அதை விட்டுவிட்டு வந்திருந்தார். திருத்திய வடிவம் இப்படித் தொடங்கியது: "கடை மூடப்போகும் செய்தியை இந்தக் காணொளி வாயால் சொல்வதில்லை. மூன்றாவது நிமிடத்தில் இசையை நிறுத்திவிட்டு, பெரியவர் தராசைத் துடைப்பதைப் பதினொரு விநாடி அப்படியே விட்டுவைக்கிறது." மனத்தைத் தொடுகிறது என்று இனி அவர் சொல்ல வேண்டியதில்லை. தொகுப்பு மேசையில் உட்கார்ந்தவனுக்குப் பதினொரு விநாடி எவ்வளவு நீளம் என்பது தெரியும். பேச்சும் இசையும் இல்லாத ஒரு காட்சியை அவ்வளவு நேரம் விட்டுவைக்கத் துணிவு வேண்டும். பார்ப்பவர் நழுவிவிடுவார் என்ற பயம் தொகுப்பவரின் கையை வெட்டு வெட்டு என்று இழுத்துக்கொண்டே இருக்கும். அதைக் கண்டு சொல்வதுதான் நண்பர்கள் உங்களிடம் கேட்கும் "கருத்து".

காது கொடுத்துப் பார்ப்பதைத் தனியாகப் பழக வேண்டும். ஒருமுறை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள். இன்னொருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுத்த பேட்டி ஏன் குகைக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது? தரை, தூண், கூரை எல்லாம் கான்கிரீட். மைக் வாயிலிருந்து தள்ளி இருந்தால் பேச்சோடு எதிரொலியும் சேர்ந்துதான் பதிவாகும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு புரியாவிட்டால் இரண்டாவது நிமிடத்தில் போய்விடுவார். இந்தக் காரணத்தை அறிந்து எழுதும்போது உங்கள் குறை, அடுத்த காணொளிக்குப் படைப்பாளர் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய குறிப்பாகவும் ஆகிறது.

படத்தையும் ஒலியையும் பிரித்துப் பார்த்துப் பழகியபின், இரண்டும் சேரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பொய் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நுழைகிறது. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலைப் பற்றிய ஒரு காணொளியை எங்கள் குழுவில் ஓர் இளைஞர் மிகவும் பாராட்டி எழுதினார். டிரோனில் எடுத்த காட்சி, கோபுரத்தின் அடியிலிருந்து உச்சிவரை மெல்ல ஏறுகிறது. குரல் சொல்கிறது: "1827-இல் நாராயண பிள்ளை எழுப்பிய ஆலயம்." குரல் சொன்னது சரி. கோயிலை அவர் நிறுவிய ஆண்டு 1827தான். ஆனால் அன்று எழுந்தது மரத்தாலும் அத்தாப்பு ஓலைக் கூரையாலும் ஆன சிறு கோயில். செங்கல் கட்டடம் வந்தது 1843-இல். கோபுரம் என்று ஒன்று 1903-இல்தான் வந்தது, அதுவும் மூன்று நிலை. திரையில் நாம் பார்க்கும் ஆறு நிலைக் கோபுரம் 1925-இல் எழுந்தது. குரலைத் தனியாகக் கேட்டால் பிழை இல்லை, படத்தைத் தனியாகப் பார்த்தாலும் பிழை இல்லை. இரண்டையும் ஒட்டவைத்தபோது ஏறக்குறைய நூறு ஆண்டுகள் மறைந்துபோயின. அந்த இளைஞர் இதைக் கண்டுபிடித்துச் சேர்த்தபோது பாராட்டை நீக்கவில்லை. ஒளிப்பதிவின் நிதானத்தைப் புகழ்ந்துவிட்டு, அந்த நிதானமே பார்ப்பவரை எப்படி ஏமாற்றுகிறது என்று காட்டினார். நான் திருத்தியவற்றுள் ஆகச் சிறந்த விமர்சனங்களில் அது ஒன்று. உள்ளூர் வரலாற்றுக் காணொளிகளை எழுதப் போகிறீர்கள் என்றால், தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தொகுப்பைப் பழகிக்கொள்ளுங்கள். பழைய தமிழ் முரசு இதழ்களை வீட்டிலிருந்தே புரட்டலாம். ஒரு தேதியைச் சரிபார்க்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தைச் செலவிடாதவர் வரலாற்றுக் காணொளியைப் பாராட்டக்கூட உரிமையில்லாதவர் என்பது என் எண்ணம்.

புத்தகம் கேட்டீர்கள். நான் கொடுக்கும் பதில் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்: நன்னூலின் பாயிரத்தைப் படியுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் பெயரிட்டு வைத்திருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்ததாக இருக்கும். ஒரு காணொளியைப் பார்த்தபின் அதை மறுபடி படித்துப் பாருங்கள். தலைப்பில் ஒன்றைச் சொல்லிவிட்டு, உள்ளே தன் பயணக் கதையை அளக்கிறாரா? அது மற்றொன்று விரித்தல். ஐந்து நிமிடம் விறுவிறுப்பாகப் போய், முடிவில் "சரி, அவ்வளவுதான், லைக் போடுங்கள்" என்று நீர்த்துப்போகிறதா? சென்று தேய்ந்து இறுதல். முன்னோட்டமாக ஒரு முறை, அறிமுகத்தில் ஒரு முறை, உள்ளே ஒரு முறை என்று ஒரே வாக்கியம் வருகிறதா? கூறியது கூறல். அழகுகளில் "விளங்கு உதாரணத்தது ஆகுதல்", அதாவது பொருளை விளக்கும் எடுத்துக்காட்டு இருத்தல், என்று ஒன்று உண்டு. கற்பிக்கும் காணொளி எதற்கும் அதைவிடச் சரியான அளவுகோலை நான் கண்டதில்லை. குறையை உணர முடிகிறது, சொல்லத்தான் வரவில்லை என்று தவிக்கும் தொடக்கக்காரருக்கு இந்தப் பெயர்கள் கைப்பிடியாக உதவுகின்றன. விமர்சனத்தில் அப்படியே எடுத்துப் போட வேண்டாம். உங்கள் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டு, வாசகருக்கு அதன் பொருளை உங்கள் சொற்களில் சொல்லுங்கள்.

இந்தக் குற்றங்களில் சில, தளத்தின் அமைப்பாலேயே வருபவை. அதை அறிந்திருப்பது நல்லது. யூடியூபில் 2020 ஜூலையிலிருந்து எட்டு நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் காணொளிகளில் நடுவே விளம்பரம் வைக்கலாம். அதற்கு முன் பத்து நிமிடம் வேண்டும். ஐந்து நிமிடச் செய்தி ஒன்று எட்டு நிமிடம் சில விநாடிகளுக்கு இழுபடுவதைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வர வேண்டும். ஆனால் "பணத்துக்காக இழுத்திருக்கிறார்" என்று எழுதிவிடாதீர்கள். அவர் மனத்தில் இருந்தது உங்களுக்குத் தெரியாது. நாலாவது நிமிடத்திலிருந்து ஆறாவது நிமிடம்வரை புதிதாக எதுவும் சொல்லப்படவில்லை என்று எழுதுங்கள். அதைப் பார்க்கும் எவரும் மறுக்க முடியாது. 2021 நவம்பரில் யூடியூப் "பிடிக்கவில்லை" எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. கற்பிக்கும் காணொளி ஒன்று தவறாகச் சொல்லித்தருகிறது என்பதைப் பார்ப்பவர் ஒரே பார்வையில் ஊகிக்க இருந்த வழி போய்விட்டது. அதனாலேயே சரிபார்த்து எழுதும் ஒரு விமர்சனத்துக்கு முன்பைவிட இப்போது தேவை அதிகம் என்று நான் நம்புகிறேன்.

சமையல் காணொளிக்கு என்னிடம் ஒரே விதிதான் இருக்கிறது: சமைக்காமல் எழுதக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு குழம்புக் காணொளியில் "எலுமிச்சம்பழ அளவு புளி" என்றார்கள். தேக்கா சந்தையில் எலுமிச்சை என்று கேட்டால் பெரியதும் கிடைக்கும், சாத்துக்குடிக்குத் தம்பிபோல் இருக்கும் சிறியதும் கிடைக்கும். அந்தக் காணொளியில் புளி ஊறும் கிண்ணத்தைக் காட்டும் காட்சி ஒரு விநாடிகூட இல்லை. நான் பெரியதை அளவாக வைத்தேன், குழம்பு வாயில் வைக்க முடியவில்லை. அடுத்த நாள் பாதியாகக் குறைத்தேன், நன்றாக வந்தது. "செய்முறை சரியானது, புளியின் அளவை மட்டும் காட்டத் தவறிவிட்டார்கள்" என்று அப்போதுதான் உறுதியாக எழுத முடிந்தது. பார்த்ததோடு நிறுத்தியிருந்தால் ஒளிப்பதிவைப் புகழ்ந்துவிட்டுப் போயிருப்பேன்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்குள்ள இளையர்கள் எடுக்கும் காணொளிகளில் தமிழோடு ஆங்கிலமும் மலாயும் கலந்து வரும். விமர்சனம் எழுதுபவர் முதலில் கை வைப்பது பெரும்பாலும் அதில்தான், ஏனென்றால் அது எளிது. உணவங்காடியில் கோப்பி வாங்கும் காட்சியில் ஒருவர் இலக்கணத் தமிழ் பேசினால்தான் அது பிழை. பேசுபவர் யார், யாரிடம், எங்கே என்று கேட்டுக்கொண்டு, பேச்சு அதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். எழுத்தில் வரும் வசன வரிகளில் ஒற்றுப்பிழை மலிந்திருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிடலாம். அது வேறு கணக்கு.

இனி, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, இங்கே கட்டுமான வேலை செய்யும் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் தன் ஊரைப் பற்றியும் கவிதைகளைப் பற்றியும் பேசிப் போட்டிருந்த காணொளிகளுக்கு விமர்சனம் எழுதினேன். உள்ளடக்கத்தைப் பாராட்டினேன். பிறகு, "குரல் அமுங்கியே இருக்கிறது, ஒலிப்பதிவில் அக்கறை இல்லை" என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கோபம் எதுவும் அதில் இல்லை. விடுதி அறையில் பலர் தங்கியிருப்பதாகவும், இரவு வேலை முடித்து வந்தவர்கள் தூங்கும் நேரத்தில்தான் தனக்கு ஓய்வு கிடைப்பதாகவும், அவர்களை எழுப்பக் கூடாதென்று போர்வைக்குள் தலையை விட்டுப் பேசுவதாகவும் எழுதியிருந்தார். அடுத்த முறை வெளியே போய்ப் பேசிப் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னால் அன்று வேறு வேலை செய்ய முடியவில்லை. குரல் அமுங்கியிருந்தது நான் கேட்டது. அக்கறை இல்லை என்பது நானாகக் கற்பித்துக்கொண்டது. முதல் வாக்கியத்தோடு நின்றிருந்தால் விமர்சனத்தில் எந்தக் குறையும் வந்திருக்காது. அன்றிலிருந்து பிறர் எழுதியதைத் திருத்தும்போது சோம்பல், அவசரம், அக்கறையின்மை, பேராசை போன்ற சொற்களைக் கண்டால் பென்சிலால் வட்டமிட்டு, "இதை எந்த நிமிடத்தில் பார்த்தீர்கள்?" என்று ஓரத்தில் எழுதிவிடுகிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை, சொல் போய்விடுகிறது.

இதற்காகக் குறையை மென்று விழுங்கச் சொல்லவில்லை. இது சிறிய ஊர். இன்று நீங்கள் எழுதிய படைப்பாளரை ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் எதிரே பார்ப்பீர்கள். தீபாவளி ஒளியூட்டு நேரத்தில் கூட்டத்தில் தோளோடு தோள் உரசும். அந்தக் கூச்சத்தால் எல்லாவற்றையும் புகழ்ந்து எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது படைப்பாளருக்குச் செய்யும் அநியாயம். முழுக் குழுவும் நிதியும் வைத்து எடுக்கும் வசந்தம் தொலைக்காட்சி நாடகத்துக்கும், ஒருவர் தன் கைப்பேசியில் எடுக்கும் காணொளிக்கும் அளவுகோல் வேறாக இருக்கலாம். ஆனால் தகவல் பிழை இரண்டிலும் பிழைதான்.

சட்டம் பற்றியும் நீங்கள் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன், நான் வழக்கறிஞன் அல்லன் என்பதையும் சேர்த்து. சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம், விமர்சனத்துக்காக ஒரு படைப்பின் பகுதியை நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. யாருடையது, எந்தப் படைப்பு என்று குறிப்பிட்டுவிடுங்கள். "இத்தனை விநாடிவரை எடுக்கலாம்" என்று பலர் சொல்லும் கணக்கை நம்பாதீர்கள். நியாயமான பயன்பாடு சூழலைப் பொறுத்து முடிவாவது. காணொளியைப் பற்றிய கருத்துக்கும், அதை எடுத்தவரைப் பற்றிய குற்றச்சாட்டுக்கும் நடுவே உள்ள கோட்டைத் தாண்டாதீர்கள். "காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறார்" என்று ஆதாரமில்லாமல் எழுதினால் அது அவதூறு வழக்கில் கொண்டுபோய் விடலாம். விளம்பரத் தரநிலை ஆணையம் 2016-இல் வெளியிட்ட சமூக ஊடக வழிகாட்டி, ஆதரவு பெற்ற பதிவுகளில் அதை வெளிப்படையாகச் சொல்லும்படி கேட்கிறது. அப்படிச் சொல்லியிருக்கிறாரா இல்லையா என்பதை மட்டும் நீங்கள் பதிவு செய்யலாம்.

நான் உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களும் உண்டு. மதிப்பெண் போடலாமா என்பதில் எங்கள் குழுவே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வாசகர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்பது என் தயக்கம், ஆனால் மதிப்பெண் போட வேண்டும் என்ற கட்டாயமே தன்னைத் தெளிவாக யோசிக்க வைக்கிறது என்கிறார் ஒருவர், அதையும் மறுக்க முடியவில்லை. குறுங்காணொளிகளும் அப்படித்தான். 2024 அக்டோபரிலிருந்து யூடியூப் ஷார்ட்ஸ் மூன்று நிமிடம்வரை போகலாம் என்றாலும், தனியாக ஒன்றை எடுத்தால் ஒரு பக்க விமர்சனத்தைத் தாங்குவதில்லை. ஒரே ஆளின் பத்துக் குறுங்காணொளிகளை வரிசையாகப் பார்த்து எழுதினால் அவருடைய பாணி பிடிபடுகிறது. சில மாதங்களாகத்தான் இப்படி முயல்கிறோம், இதுவே வழி என்று சொல்ல மாட்டேன்.

வகுப்புக்கு வருகிறேன். பணம் கொடுத்துச் சேருவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கைப்பேசியில் வீட்டில் உள்ள ஒருவர் தேநீர் ஆற்றுவதைப் பத்து நிமிடம் எடுத்து, அதை இரண்டு நிமிடமாகத் தொகுத்துப் பாருங்கள். எதை விடுவது என்று தெரியாமல் ஒரு மாலைப் பொழுது போய்விடும். அந்த மாலைக்குப் பிறகு நீங்கள் பிறர் காணொளியைப் பார்க்கும் விதமே மாறியிருக்கும். அதன்பின்னும் வகுப்பு வேண்டும் என்று தோன்றினால், விமர்சன வகுப்பைவிடத் தொகுப்பு வகுப்பையே பரிந்துரைப்பேன்.

முதல் பயிற்சிக்குப் பத்து நிமிடத்துக்குள் முடியும் காணொளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பிடித்ததாகவே இருக்கட்டும். விமர்சனத்தின் மேலே நீங்கள் பார்த்த தேதியைக் குறியுங்கள். தலைப்பையும் முகப்புப் படத்தையும் பின்னால் மாற்ற முடியும், பதிவேற்றிய பிறகு ஒரு பகுதியை வெட்டி எடுக்கவும் முடியும். கதைச் சுருக்கத்துக்கு மூன்று வாக்கியத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். வரைவு முடிந்ததும் காணொளியை மூன்றாம் முறை ஓடவிட்டு, நீங்கள் குறித்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் போய்ப் பாருங்கள். ஆறு ஆண்டுகளாக இதைச் செய்யும் என் குறிப்புகளிலேயே ஒன்றிரண்டு தவறாக இருக்கும். இசை நின்றது என்று எழுதியிருப்பேன், போய்க் கேட்டால் அது நின்றிருக்காது, மெலிந்திருக்கும்.